காசு கொடுத்து முதலில் கூப்பிட்டது யார்?

11 ஜூன் 2024, மாலை 6.15 (கேள்வி)

ஆன்டாப் ஹில்லில் இருக்கிறேன், வயது 23. கேனான் 1500டி, அதோடு வந்த 18-55 லென்ஸ், அவ்வளவுதான் கையில். ஒன்றரை வருடமாகப் படம் எடுக்கிறேன். பார்த்தவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், காசு என்றதும் பேச்சு நின்றுவிடுகிறது. இதுவரை 11 விசேஷங்கள் இலவசமாக எடுத்துக் கொடுத்துவிட்டேன். மும்பையில் ஆள் பழக்கம் இல்லாதவனுக்கு முதல் ஆர்டரே கிடைக்காது என்கிறான் நண்பன். உண்மையா? உங்களைக் காசு கொடுத்து முதலில் கூப்பிட்டது யார், எப்படி?

11 ஜூன், இரவு 11.05

தம்பி, என் முதல் ஆர்டர் 2018 ஜூலையில் வந்தது. தாராவி 90 அடி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் தோல் பை தைக்கும் காலா, அதாவது பட்டறை. 40 பை, பைக்கு 150 ரூபாய், மொத்தம் 6,000. கொடுத்தவர் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. அதற்கு முன் அவருக்கு நான் யாரென்றே தெரியாது. அதனால் நண்பர் சொல்வதை நம்ப வேண்டாம்.

இலவசமாக எடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு முறை சும்மா எடுத்துக் கொடுத்தால் அந்த வீட்டுக்கு நீங்கள் எப்போதும் "நம்ம பையன்"தான். நம்ம பையனுக்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள், சாப்பாடு போடுவார்கள்.

12 ஜூன், காலை 7.10

ராத்திரி எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒரு இடத்தில் தப்பு. அண்ணாச்சிக்கு என்னைத் தெரியாது, ஆனால் என் அத்தையைத் தெரியும். அத்தை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் முப்பது வருடமாக இருப்பவர். 2018 மார்ச்சில் அத்தை மகளுக்கு வளைகாப்பு. நான்தான் படம் எடுத்தேன், காசு வாங்கவில்லை. ஆக, இலவசமாக எடுக்காதே என்று உங்களுக்குச் சொன்ன நானே ஒரு இலவசப் படத்தில்தான் தொடங்கியிருக்கிறேன். அதை மறைத்துச் சொல்வது சரியில்லை.

ஆனால் அன்று ஒரு காரியம் செய்தேன். படங்களை வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 4க்கு 6 அளவில் 12 பிரிண்ட் போட்டு, படத்தில் இருந்தவர்கள் கையில் நேராகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் ஒன்று அண்ணாச்சியின் அம்மா. வளையல் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கண்ணாடி வளையலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆதார் அட்டைப் படம் தவிர ஆச்சிக்குத் தனியாக எடுத்த படமே கிடையாதாம். அண்ணாச்சி அந்தப் பிரிண்டைக் காலாவில் முருகன் காலண்டருக்குக் கீழே செலோடேப் போட்டு ஒட்டிவைத்தார். நான்கு மாதம் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தவருக்குப் பைகளைப் படம் எடுக்க வேண்டும் என்றதும் என் நினைப்பு வந்தது.

ஆகவே திருத்திச் சொல்கிறேன்: பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். போனில் இருக்கும் படம் இரண்டு நாளில் கீழே போய்விடும்.

13 ஜூன், இரவு 10.30

அந்தக் காலாவில் பைகளை எப்படி எடுத்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு நாள் வேலை அது. சொல்கிறேன், நீளமாகத்தான் வரும்.

காலா கீழே ஒரு அறை. ஏணியில் ஏறினால் போட்மாளா, பரண் மாதிரி ஒரு மேல்தளம். தலை நிமிர்ந்தால் தகரம் இடிக்கும். கூரையில் ஒரு தகட்டுக்குப் பதில் பால்நிற பிளாஸ்டிக் தகடு போட்டிருந்தார்கள், அதுதான் எனக்கு விளக்கு. வெளியே மழை மேகம், உள்ளே நிழலே விழாத மெத்தென்ற வெளிச்சம். தோலுக்கு அதைவிட நல்ல வெளிச்சம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. வெயில் நாளாக இருந்தால் அந்தத் தகடு வழியாக ஒரு வெள்ளைப் பட்டை பை மேல் விழுந்து எல்லாம் கெட்டிருக்கும். அதற்குப் பயந்துதான் தகட்டுக்குக் கீழே பட்டர் பேப்பர் கட்டினேன். எதிர்ப்பக்கம் தெர்மாகோல் அட்டை நிறுத்தினேன். அட்டை இல்லாவிட்டால் பையின் ஒரு பக்கம் கறுத்துப்போகும்.

பையை அப்படியே வைத்தால் சோர்ந்து உட்கார்ந்துவிடும். பழைய தினத்தாளைக் கசக்கி மூலை வரை திணிக்க வேண்டும், அளவுக்கு மீறித் திணித்தால் தையல் இழுத்துக்கொண்டு தெரியும். கைப்பிடி நிமிர்ந்து நிற்காது. அதற்குத் தூண்டில் நரம்பை மேலே கம்பியில் கட்டித் தூக்கி நிறுத்தினேன், பிறகு கம்ப்யூட்டரில் நரம்பை அழித்தேன். இதைச் சொல்லிக்கொடுத்தது அங்கே வேலை பார்த்த ஒரு பையன். பைகளைக் கடையில் தொங்கவிடும்போது அவர்கள் அப்படித்தான் கட்டுவார்களாம்.

லென்ஸை 18-ல், அதாவது அகலக் கோணத்தில், வைத்துக்கொண்டு பக்கத்தில் போனால் பையின் முன்பக்கம் பெருத்துப் பூசணிக்காய் மாதிரி ஆகும். கொஞ்சம் பின்னால் போய் 35-க்கு மேல் வைத்து எடுங்கள். என்னிடம் 50 எம்எம் இருந்தது. முழுப் பையும் வர ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், முதுகு சுவரில் முட்டியது. கறுப்புப் பை வந்தால் கேமரா ஏமாந்துவிடும், அதைச் சாம்பலாக்கிக் காட்டும். எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தை) ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, இறக்கியதும்தான் கறுப்பு கறுப்பாக வந்தது.

பளபளப்பு பெரிய தலைவலி. லென்ஸ் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டர் வாடகைக்கு எடுத்திருந்தேன். வளையத்தைத் திருப்பத் திருப்பத் தோல் மேல் இருந்த வெள்ளைப் பூச்சு விலகி, உள்ளே நிறமும் ரேகையும் மேலே வருவதைப் பார்க்க வேண்டும், அதைச் சொல்லால் சொல்ல முடியாது. முழுக்கத் திருப்பிவிட்டால் தோல் ரெக்சின் மாதிரி செத்துப்போகும், கொஞ்சம் மினுமினுப்பு இருக்க வேண்டும். பக்கிள், ஜிப்பில் உள்ள பளபளப்பு இதற்கு அசையாது. உலோகத்தின் மேல் போலரைசர் வேலை செய்யாது, அதற்குத் தெர்மாகோலைத்தான் நகர்த்த வேண்டும்.

இவ்வளவும் சரிசெய்து லென்ஸ் துளை எஃப் 8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100, டிரைபாடில் ஷட்டர் கால் நொடி என்று வைத்து எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாப் படமும் கலங்கியிருந்தது. ஏனென்றே புரியவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் காலில் உணர்ந்தேன், கீழே ஆறு தையல் மிஷினும் ஓடும்போது போட்மாளாவின் பலகை நடுங்குகிறது.

அண்ணாச்சி கீழே பார்த்து, "ஏலே, பத்து நிமிசம் மிசின நிப்பாட்டுங்கலே" என்றார். நின்றது. ஆனால் அவர்கள் பீஸ் கணக்கில் கூலி வாங்குபவர்கள். நான் ஷட்டர் அமுக்கும் ஒவ்வொரு பத்து நிமிடமும் அவர்கள் கூலியிலிருந்து போகிறது. ஒருவர் மிஷின் மேல் கை வைத்தபடி ஏணி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமில்லை, காத்திருந்தார். எனக்கு அது தாங்கவில்லை. ஓட்டச் சொல்லிவிட்டேன். ஐஎஸ்ஓவை ஏற்றி ஷட்டரை வேகமாக்கிக் கோணப் படங்களை எடுத்தேன். மிகத் தெளிவாக வர வேண்டிய முன்பக்கப் படங்களை மட்டும் அவர்கள் சாப்பிடும் 1 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில் எடுத்தேன். அதனால்தான் ஒரு நாளில் முடிய வேண்டியது இரண்டு நாள் ஆனது.

அத்தை இரண்டு நாளும் கூட வந்தார். தனியாக எப்படிப் போவாய் என்று கேட்டுக் கிளம்பிவந்தவர், கீழே ஸ்டூலில் உட்கார்ந்து கட்டிங் சாய் குடித்துக்கொண்டு ஆச்சியோடு ஊர்க்கதை பேசினார். அவர் அங்கே இருந்ததால் நான் நிம்மதியாக வேலை பார்த்தேன்.

14 ஜூன், மதியம் 1.20

பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். 40 பை இல்லை, 38. 38 பெருக்கல் 150, ஆக 5,700. ஆறாயிரம் என்று இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

செலவு: தெர்மாகோலும் பட்டர் பேப்பரும் 180, ஃபில்டர் வாடகை இரண்டு நாளுக்கு 300, ரயில், ஷேர் டாக்சி, டீ எல்லாம் 240. மொத்தம் 720. கையில் நின்றது 4,980. நேரம்: எடுக்க 14 மணி, போய்வர 4 மணி. பைக்கு நான்கு படம், 152 படம், ஒவ்வொன்றுக்கும் எட்டு நிமிடம் வைத்தாலும் எடிட்டிங் 20 மணி. கூட்டினால் 38 மணி நேரம், மணிக்கு 131 ரூபாய்.

எடிட்டிங் நேரத்தை விலையில் சேர்க்க எனக்குத் தோன்றவே இல்லை. விலை சொல்லும்போது ஷட்டர் அமுக்கும் நேரம் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது. தம்பி, நீங்கள் விலை சொல்வதற்கு முன் வீட்டில் ஒரே ஒரு பொருளை எடுத்து, வெள்ளைப் பின்னணி வரை முடித்து, கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

14 ஜூன், இரவு 9.00

வெள்ளைப் பின்னணி என்றால் எவ்வளவு வெள்ளை என்று கேட்டவருக்கு: அமேசானில் பொருள் விற்பவர்களிடம் முதல் படத்துக்குச் சுத்த வெள்ளை கேட்கிறார்கள், சிவப்பு பச்சை நீலம் மூன்றும் உச்ச அளவான 255. பொருள் சட்டத்தில் 85 சதவீதம் நிறைந்திருக்க வேண்டும், எழுத்தோ லோகோவோ மேலே ஒட்டக்கூடாது, பெரிதாக்கிப் பார்க்க வேண்டுமானால் நீளப் பக்கம் 1000 பிக்சலாவது வேண்டும். எடுக்கும்போதே பின்னால் உள்ள தாளுக்குத் தனியாக வெளிச்சம் விழ வைத்தால் எடிட்டிங் பாதி மிச்சம். நான் முதலில் அப்படிச் செய்யவில்லை, 20 மணி நேரம் போனது அதனால்தான்.

முடித்த படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், நசுக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

15 ஜூன், காலை 8.45

தானேயிலிருந்து ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: பைக்கு 150 வாங்கி நீங்கள்தான் மார்க்கெட்டைக் கெடுத்தீர்கள் என்று. கோபத்தில் நியாயம் இருக்கிறது. இப்போது நான்கு கோணத்துக்கு 650 வாங்குகிறேன், அதற்குக் கீழே போவதில்லை. ஆனால் அந்த 150-ஐ நினைத்து வெட்கப்பட மாட்டேன்.

ஹோமாய் வ்யாரவாலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1913-ல் நவ்சாரியில் பிறந்தவர், இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். நம் மும்பை ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்தார். பாம்பே கிரானிக்கிள் பத்திரிகை அவர் படங்களை முதலில் போட்டபோது ஒரு படத்துக்கு ஒரு ரூபாய் கொடுத்தது. ஆரம்பத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில்தான் அச்சாயின. 1942-ல் டெல்லிக்குப் போனார், நேருவை அவர் எடுத்த படங்களை நாம் எல்லாரும் எங்கேயாவது பார்த்திருப்போம். 2011-ல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். நான் ஜே.ஜே. வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அந்த ஒரு ரூபாயை நினைத்துக்கொள்வேன். அதை வாங்கிய கைகளுக்கு அன்று எவ்வளவு சந்தோஷம் இருந்திருக்கும்!

19 ஜூன், இரவு 10.15

மழை பிடித்துவிட்டது. லென்ஸைப் பையிலேயே மூடி வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நான் போரா பஜாரில் பழையதாக வாங்கிய லென்ஸ் ஒன்று 2019 மழையில் போயே போய்விட்டது.

எல்ஈடி விளக்குக்குக் கீழே எடுத்தால் படத்தில் கோடு கோடாக விழுகிறது என்றவருக்கு: ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும்.

22 ஜூன், மாலை 5.40

படம் யாருக்குச் சொந்தம்? எடுத்தவருக்குத்தான். சட்டப்படி புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர். பயப்படாமல் உங்கள் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

23 ஜூன், காலை 6.50

நேற்று எழுதியது பாதிதான் சரி. யாராவது அதை நம்பி ஏதாவது செய்வதற்குள் திருத்துகிறேன். 1957 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டம் 17-வது பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், காசு வாங்கிக்கொண்டு படம் எடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர். நாம் ஆசிரியர், உரிமையாளர் அவர். உரிமை நமக்கு வேண்டுமானால் வேலை தொடங்குவதற்கு முன் எழுதி வாங்க வேண்டும். எடுத்தவர் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை மட்டும் 57-வது பிரிவின்படி நம்மிடமே இருக்கும்.

இது எனக்குத் தெரிந்தது ஒரு சிக்கலில்தான். அண்ணாச்சியின் பைகளை நான் எடுத்த அதே படங்கள் மூன்று மாதத்தில் வேறொரு ஆளின் ஆன்லைன் கடையில் இருந்தன. தூண்டில் நரம்பை அழித்த இடத்தில் ஒரு சின்னக் கலங்கல் இருக்கும், அதை வைத்தே கண்டுபிடித்தேன். கொதித்துப்போய் நானே புகார் எழுதக் கிளம்பினேன். சொந்தக்காரர்களில் வக்கீலுக்குப் படித்த அண்ணன் ஒருவர் தடுத்து, புகார் அண்ணாச்சி பெயரில் போக வேண்டும் என்றார். நல்ல வேளையாக நான் கொடுத்த பில் ஒன்று இருந்தது. ஒரு முழுத்தாளில் கையால் எழுதியது: தேதி, 38 பை, 152 படம், தொகை, என் கையெழுத்து. அதை வைத்துத்தான் அண்ணாச்சி புகார் கொடுத்தார், படங்கள் நீங்கின.

ஆக, பில் கொடுங்கள். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை சேவைக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி போட்டு வசூலிக்கக் கூடாது. பெயர், தேதி, வேலை, தொகை இருந்தால் போதும். இப்போது நான் இன்னொரு வரியும் சேர்க்கிறேன்: "என் வேலை மாதிரியாகக் காட்டிக்கொள்ள இந்தப் படங்களைப் பயன்படுத்துவேன்." யாரும் இதுவரை மறுத்ததில்லை.

30 ஜூன், இரவு 11.50

முன்பணம் பற்றி எழுதாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். எழுதக் கஷ்டமாக இருந்தது.

அண்ணாச்சியிடம் விலை பேசியது இப்படித்தான். "போட்டோவுக்கு என்னம்மா கேக்க?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. "நீங்களே பார்த்துக் கொடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். அவர் ஊசியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "பாத்துக் கொடுங்கன்னு சொல்லாத. நான் சேட்டுக்கிட்ட பைய கொடுக்கையில அப்படிச் சொன்னா என் காலாவ பூட்டிட்டுப் போவ வேண்டியதுதான். ஒரு ரேட்டு சொல்லு, நான் கொறச்சுக் கேக்கேன்." அப்புறம் 200 என்றேன், 150-க்கு வந்தோம். முன்பணமாக 2,000 எடுத்துக் கையில் கொடுத்தார், நான் கேட்கவில்லை. மீதி 3,700 உடனே வரவில்லை, இரண்டாயிரமும் ஆயிரத்து எழுநூறுமாக 23 நாளில் வந்தது.

அடுத்த வருடம் மேற்குப் புறநகரில் ஒரு கல்யாண ஸ்டுடியோவுக்கு இரண்டு நாள் இரண்டாவது கேமராவாகப் போனேன். 8,000 பேசினார்கள். முன்பணம் கேட்கவில்லை, கேட்டால் நம்பிக்கை இல்லை என்று நினைப்பார்களோ என்று தயங்கினேன். இரண்டாம் நாள் இரவு மெமரி கார்டுகளை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். அதோடு சரி. முதலில் அடுத்த வாரம் என்றார்கள், பிறகு போன் எடுக்கவில்லை. மணப்பெண் தாலி கட்டிய நேரத்தில் அவள் அப்பா தூணுக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதை நான் மட்டும்தான் எடுத்தேன். காசு போனதைவிட அந்தப் படம் என்னிடம் ஒரு பிரதிகூட இல்லாமல் போனதுதான் இன்றும் வலிக்கிறது.

பாதி முன்பணம் வராமல் நான் இப்போது கேமரா பையைத் திறப்பதில்லை. கேட்கும்போது குரல் நடுங்கினாலும் பரவாயில்லை, கேளுங்கள். முதலில் சின்ன அளவில் பெயர் பொறித்த படங்களை அனுப்பி, மீதிப் பணம் வந்ததும் முழு அளவில் கொடுங்கள்.

6 ஜூலை, மதியம் 2.10

கேட்டவர் எங்கே? இரண்டு வாரமாகச் சத்தமே இல்லையே தம்பி.

6 ஜூலை, மாலை 7.30 (கேள்வி கேட்டவர்)

இருக்கிறேன் அக்கா. எல்லாம் படித்தேன். முன்பு எடுத்த விசேஷங்களில் இருந்து 20 பிரிண்ட் போட்டு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள், இரண்டு வீட்டில் சாப்பாடு. ஆர்டர் எதுவும் வரவில்லை.

14 ஜூலை, இரவு 9.40

தம்பி எழுதியது என்னை ஒரு வாரம் உறுத்தியது. பிரிண்டால்தான் ஆர்டர் வந்தது என்று ஆறு வருடமாக நானாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், ஒரு நாளும் அண்ணாச்சியிடம் கேட்டதில்லை. இன்று சயானில் இறங்கி நேராகக் காலாவுக்குப் போனேன்.

ஆச்சி போன வருடம் தவறிவிட்டார். பிரிண்ட் இப்போது கண்ணாடிச் சட்டத்துக்குள், சந்தனப் பொட்டோடு. ஓரத்தில் செலோடேப் ஒட்டியிருந்த தடம் பழுப்பாக அப்படியே இருக்கிறது, வளையலின் சிவப்பு மட்டும் மங்கியிருக்கிறது. கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை.

அப்புறம் கேட்டேன். அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. "அம்மா படம் நல்ல படம்தான். ஆனா அதுக்காவ ஒன்ன கூப்பிடல" என்றார். அந்தேரியில் ஒரு ஸ்டுடியோவில் முதலில் விசாரித்திருக்கிறார். பைகளை அங்கே கொண்டுவந்து ஒரு வாரம் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்களாம். 38-ம் புது டிசைன். சீசனுக்கு முன்னால் வெளியே போனால் பத்தே நாளில் அடுத்த சந்தில் அதே பை தைத்துத் தொங்கும். அதனால் காலாவுக்குள்ளேயே வந்து எடுக்கிற ஆள் வேண்டும். அத்தையிடம் கேட்டிருக்கிறார், அத்தை என் பெயரைச் சொல்லியிருக்கிறார். "ஏணி ஏறி வருவியான்னுதான் கேட்டேன், வருவான்னு ஒங்க அத்த சொன்னா."

ஆக, 12-ம் தேதி நான் எழுதியதையும் திருத்த வேண்டும். பிரிண்ட் கொடுப்பது நல்ல காரியம், கொடுங்கள், அதை ஆர்டருக்காகக் கொடுக்காதீர்கள். ஆர்டருக்கு வேறு மாதிரி தேட வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோக முடியாத பொருள் யாரிடம் இருக்கிறது? வெளியே விட பயப்படுபவர், நகர்த்த முடியாத அளவுக்குப் பெரிதாக வைத்திருப்பவர், ஒரு மணி நேரத்தில் கெட்டுப்போகிற பொருள் வைத்திருப்பவர். கும்பர்வாடாவில் ஆள் உயரப் பானை செய்பவர்கள் இருக்கிறார்கள். காலை நான்கு மணிக்கு இட்லி அவித்து ஊர் முழுக்க அனுப்புபவர்கள் தாராவியில் எத்தனை பேர்! அவர்களிடம் போய் உங்களுக்குப் படம் வேண்டுமா என்று கேட்காதீர்கள், வேண்டாம் என்பார்கள். இப்போது படத்துக்கு என்ன செய்கிறீர்கள், அதில் என்ன தொந்தரவு என்று கேளுங்கள்.

15 ஜூலை, காலை 7.00

இன்னொன்று. ஆள் பழக்கம் வேண்டும் என்று சொன்ன உங்கள் நண்பரை முதல் நாளே தள்ளிவிட்டேன். அத்தை சொல்லாவிட்டால் எனக்கு அந்த ஏணியே கிடையாது. அவர் சொன்னதில் பாதி சரி. அவரிடம் சொல்லிவிடுங்கள்.

27 ஜூலை, இரவு 8.20 (கேள்வி கேட்டவர்)

அக்கா, மாட்டுங்காவில் பூ கட்டும் கடை ஒன்றில் பேசினேன். கல்யாண மாலைகளைப் போனில் எடுத்து அனுப்புகிறார்கள், மல்லிகை மஞ்சளாக வருகிறது, சம்பங்கி சாம்பலாக வருகிறது, இந்த மாதிரியா வரும் என்று வீட்டுக்காரர்கள் சண்டை போடுகிறார்களாம். 20 மாதிரி எடுத்துத் தரச் சொல்கிறார்கள். அடுத்த ஞாயிறு காலை. போகட்டுமா?

27 ஜூலை, இரவு 8.26

தொகை பேசியாச்சா? அதை முதலில் எழுதுங்கள்.

27 ஜூலை, இரவு 8.41 (கேள்வி கேட்டவர்)

மாலைக்கு 200 சொன்னேன், 160-க்கு வந்தது. 20 மாலை, 3,200. முன்பணம் 1,600 கேட்டேன். கேட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜிபேயில் போட்டுவிட்டார்கள்.

27 ஜூலை, இரவு 9.15

படித்ததும் அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னேன், அவருக்கு உங்களைத் தெரியாது, ஆனாலும் சந்தோஷம்.

சரி, கேளுங்கள். கடையின் மஞ்சள் பல்பை அணைக்கச் சொல்லுங்கள், அல்லது வாசல் பக்கம் வந்துவிடுங்கள். இரண்டு வெளிச்சம் கலந்தால் மல்லிகை மஞ்சளாகத்தான் வரும். ஒயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பை) ஆட்டோவில் விடாதீர்கள், முதலில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அதை வைத்து அமைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கறுப்புத் துணி, இஸ்திரி போட்டது. என் கறுப்புப் பைக்கு எக்ஸ்போஷரை இறக்கினேன் அல்லவா, பூவுக்குத் தலைகீழ். மாலையே சட்டத்தை நிறைத்துக்கொண்டு இருந்தால் கேமரா அந்த வெள்ளையைச் சாம்பலாக்கும், முக்கால் ஸ்டாப் ஏற்றுங்கள். துணி நிறைய தெரிந்தால் ஏற்ற வேண்டாம், கறுப்பைப் பார்த்துக் கேமராவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும், அப்போது இறக்க வேண்டியிருக்கும். இரண்டிலும் ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாமல் பாருங்கள், முட்டினால் இதழ் தெரியாது, வெறும் வெள்ளையாக நிற்கும். மாலையை நீளமாகத் தொங்கவிட்டு ஒன்று, கட்டு தெரிகிற மாதிரி கிட்டே ஒன்று.

ஆறரைக்கு முன்னால் போய்விடுங்கள். எட்டு மணிக்கு மேல் அவர்களுக்கு வியாபாரம், உங்களுக்காக நிற்க முடியாது. மல்லிகையை முதலில் எடுங்கள், ரோஜா கொஞ்சம் தாங்கும். தூண்டில் நரம்பு ஒரு சுருள் என்னிடம் இருக்கிறது, அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷன் வாசலுக்கு வந்தால் தருகிறேன்.